‘கிளியர், சேர்!’

முப்பது வயதில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். கேக் வெட்டினார்கள், சுவர் மணிக்கூடு தந்தார்கள், கணக்குப் பகுதி அக்கா மூக்கை உறிஞ்சினார். "இனி என்ன, ஓய்வுதானே" என்று ஜீப் சாரதி அண்ணை முதுகில் தட்டினார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவருக்கும் அதே கேக், அதே மணிக்கூடு. எங்கள் பகுதியில் மிதிவெடி அகற்றும் வேலை முடிந்தது, வேலை முடிந்ததால் கந்தோரும் முடிந்தது. ஆகவே வயது வித்தியாசம் பாராமல் எல்லோரும் ஒரே பின்னேரத்தில் ஓய்வு பெற்றோம். பென்சன் மட்டும்தான் கிடையாது.

முல்லைத்தீவுப் பக்கம் இன்னும் வேலை நடக்கிறது. அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு மொழிபெயர்ப்பாளர் பிள்ளைகள் போன கிழமை வட்ஸ்அப்பில் கேட்டார்கள்: "அக்கா, உங்கட அனுபவத்தை ஒருக்கா எழுதித் தாங்கோவன். முக்கியமா என்னென்ன இங்கிலிஷ் சொல்லுகள் தெரிஞ்சிருக்க வேணும் எண்டும் போடுங்கோ."

எட்டு வருசத்துக்கு ஒரு சொல் போதும், ‘கிளியர்’, என்று பதில் எழுதினேன். சிரிக்கிற முகம் இரண்டு அனுப்பினார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அதனால் இனி ஒழுங்காக எழுதுகிறேன்.

நான் தலைமன்னார். அப்பாவுக்குப் படகு, அண்ணனுக்கு அப்பாவின் படகு, எனக்கு இங்கிலிஷ். உயர்தரத்தில் கலைப் பிரிவு எடுத்துவிட்டு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பம் போட்டதில் இது சரிவந்தது. ‘களமொழிபெயர்ப்பாளர்’ என்று போட்டிருந்தது. களம் என்றால் என்ன களம் என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயிற்சி மூன்று கிழமை. முதல் கிழமை எதைத் தொடக்கூடாது, இரண்டாம் கிழமை எங்கே மிதிக்கக்கூடாது, மூன்றாம் கிழமை எதைப் பேசக்கூடாது. மூன்றாவதில்தான் நான் தேறவில்லை, ஆனால் அதற்குப் புள்ளி போடவில்லை.

வேலைக்குப் போன முதல் நாளே அந்தச் சொல் என்னைச் சுற்றிக்கொண்டது. வானம் கிளியர் என்றால் வேலை உண்டு, மழை இருட்டினால் வேலை இல்லை. காலையில் ஆட்களை நிற்பாட்டி விளக்கம் கொடுத்துவிட்டு "கிளியர்?" என்று கேட்பார்கள், விளங்கியவரும் விளங்காதவரும் சேர்ந்து "கிளியர்!" என்று கத்துவார்கள். ஒரு பெண் முழந்தாளில் இருந்து ஒரு சாண் நிலத்தைத் தடவிப் பார்த்து, எல்லைக்கு வைத்த கோலை முன்னுக்கு நகர்த்தினால் அந்தச் சாண் கிளியர். வெடிக்க வைக்க முதல் எல்லோரும் விலகி நில்லுங்கோ என்பதற்கும் அதே சொல், வெடித்த பிறகு திரும்பி வாங்கோ என்பதற்கும் அதே சொல். வோக்கியில் குரல் விளங்குதா? கிளியர். கணக்குப் பகுதி அக்காவிடம் பயணப்படி எப்போது வரும் என்று கேட்டால், கோப்பு இன்னும் கிளியர் ஆகவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் எங்கள் கருவிகள் கிடந்தபோது நாலு மாதம் அவை கிளியர் ஆகவில்லை, நாங்கள் கருவி இல்லாமல் கரம் போட் விளையாடினோம்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் விடாது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் நெஞ்சைப் படம் எடுத்துவிட்டு டொக்டர் கிளியர் என்றார், அப்பா அன்றிரவே பீடி பற்றவைத்தார். மச்சாளின் போனில் மெசேஜ் எல்லாம் கிளியர், அவள் புருசன் பார்க்க முதல். மன்னார் டவுன் சீனக் கடையில் கிளியர் சூப் வாங்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது, விலை மட்டும் இருக்கும். பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமி, கொழும்பில் படித்தவர், "மனச்சாட்சி கிளியரா, பிள்ளை?" என்று கேட்டார். நான் பழக்கதோசத்தில், "கிளியர், சேர்!" என்றேன். சுவாமி தட்டிக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது.

எனக்குப் பெரிய சந்தோசம். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு வேலை பார்க்கலாமென்றால் மற்றச் சொல்லெல்லாம் எதற்கு? அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நான் வேகமான ஆள். எல்லோரும் சொல்வார்கள், ஜெனி கெட்டிக்காரி, கிழவன் அரை மணித்தியாலம் கதைத்ததை ஜெனி அரை நிமிசத்தில் சொல்லிப்போடுவாள் என்று. எனக்கு அது புகழ்ச்சியாகத்தான் கேட்டது.

என்னுடைய மேலதிகாரி பண்டார சேர். அனுராதபுரத்துக்கு அங்காலே ஒரு குளத்தடி ஊர். முந்தி ஆமியில் பொறியியல் பிரிவில் இருந்தவர். அவருக்குச் சிங்களமும் இங்கிலிஷும் தெரியும், எனக்குத் தமிழும் இங்கிலிஷும் தெரியும். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில் நாங்கள் சந்தித்துக்கொள்வோம். அவருக்குத் தமிழ் அறவே தெரியாது என்று சொல்ல முடியாது. ‘ஐசி எடு’, ‘எங்க போற’, ‘இறங்கு’ என்று மூன்று வசனம் தெரியும். சோதனைச்சாவடியில் அடையாள அட்டை கேட்கிற தமிழ். ஆனால் எந்த ஊரிலும் அந்த மூன்றையும் அவர் வாயில் எடுத்து நான் கேட்டதில்லை. சனத்துக்கு முன்னால் கையைக் கூப்பிவிட்டுப் பேசாமல் இருப்பார். என்னை ‘நங்கி’ என்பார், தங்கச்சி என்று அர்த்தம்.

அவருடைய முறை பொறுமையைச் சோதிக்கிற முறை. ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் கதிரை. பிறகு பிளேன்ரீ. ரீ குடித்து முடியும் வரைக்கும் வெடியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. மாடு எத்தனை, மழை எப்படி, விறகுக்கு எந்தப் பக்கம் போவீர்கள், தண்ணீருக்கு எந்தப் பாதை, இப்படியே போகும். படிவத்தில் இருக்கும் கேள்விகள் கடைசியில்தான் வரும். நான் கதிரை நுனியில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு பதிலுக்கும் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறார்?" நான் சொல்லுவேன். "கிளியர்?" "கிளியர், சேர்." அவர் எழுதுவார். அவருடைய கையெழுத்து பாலர் வகுப்புப் பிள்ளையுடையது போல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்.

இரண்டாம் வருசம், முசலிப் பக்கம் ஒரு சின்ன ஊர். பத்துப் பதினைந்து வீடு, வயல்கள், அதற்குப் பின்னால் காடு. கமலம் அக்கா என்று ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், புருசன் இல்லை, தானே வயல் செய்கிறவர். இடம்பெயர்ந்து போய் வருசக்கணக்கில் முகாமிலும் சொந்தக்காரர் வீட்டிலும் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவருடைய வயலில் முன்பாதியைத் திருத்தி விதைத்துக்கொண்டிருந்தார். பின்பாதி பற்றையாகக் கிடந்தது. வெடி இருக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் அது இருந்தபடியால் உழ அனுமதி இல்லை. மழையோடு தொடங்கும் காலபோகத்துக்கு அதையும் விதைக்க வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியது. விசாரித்து, சந்தேகப்பட ஒன்றும் இல்லையென்றால் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம். அதற்குத்தான் நாங்கள் போனோம்.

கதிரை வந்தது. பிளேன்ரீ வந்தது. மாடு, மழை எல்லாம் வந்தது. பிறகு சேர் கேட்டார், பின்பக்கம் யாராவது போய் வருகிறார்களா என்று. நான் தமிழில் கேட்டேன். கமலம் அக்கா தொடங்கினார்.

"அதில நிக்கிற பாலை மரத்துக்கு அங்கால ஒருத்தரும் போறேல்லைப் பிள்ளை. அது ஐயனார் இருக்கிற இடமெல்லே. நாங்கள் இஞ்ச இல்லாத காலத்தில வந்து போன சனம் பேந்து சொன்னது, கந்தையரின்ர சிவலைப் பசு அங்கால மேயப் போச்சாம். ஐயன் எடுத்திட்டார். அண்டையில இருந்து ஆர் விறகுக்குப் போனாலும் மரத்தில ஒரு குழையை முறிச்சுத் தொங்கவிட்டிட்டு இஞ்சால திரும்பிவிடுவினம். நானும் அப்பிடித்தான். ஒருக்கா குழை போடாமல் வந்திட்டன், பிள்ளை, மூண்டு நாள் காய்ச்சல்…"

காய்ச்சலுக்குக் குடித்த கசாயம், கசாயம் தந்த பெரியம்மா, பெரியம்மாவின் மகள் கனடாவுக்குப் போனது, அவள் அனுப்பிய சீலை, அது வெளிறியது, பிறகு மறுபடி ஐயனார். நான் கடற்கரைப் பிள்ளை, அந்தோனியார் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிற குடும்பம். காட்டுச் சாமிக்கு இலையோடு குழை முறித்துத் தொங்கவிடுகிற வழக்கம் எனக்குத் தெரியாது, தெரியவேண்டும் என்றும் தோன்றவில்லை. எனக்குப் பசித்தது. ஜீப்புக்குள் சோற்றுப் பார்சல் இருந்தது, அதற்குள் பொரித்த பாரை மீன் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

"என்ன சொல்கிறார்?" என்றார் சேர்.

"ஒன்றும் நடக்கவில்லையாம். மற்றதெல்லாம் சாமிக் கதை. கிளியர், சேர்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இருபத்தைந்து நிமிசம் பேசினார்."

"சுருக்கிச் சொன்னேன்."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பேனையை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதி, கீழே கையெழுத்து வைத்தார். பிறகு சாப்பிட்டோம். பாரை நன்றாக இருந்தது.

எங்கள் கந்தோரில் எல்லாக் கடிதமும் ஆமை போலத்தான் போகும், இது மட்டும் ஓடிவிட்டது. ஒரு மாதத்துக்குள் கமலம் அக்காவுக்கு அனுமதி போய்ச் சேர்ந்ததாம். எனக்கு அது தெரியாது.

முதல் மழை விழுந்து நிலம் ஈரப்பட்ட ஒரு காலை, அந்த ஊருக்கு அப்பால் வேறொரு இடத்துக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். பாதை கமலம் அக்காவின் வயலுக்குப் பக்கவாட்டில் போகும். சேர் திடீரென்று சாரதி அண்ணையின் தோளில் தட்டினார். ஜீப் நின்றது. அவர் இறங்கி, பாதையில் நின்றபடியே பாலை மரத்தைப் பார்த்தார்.

மரத்தின் கீழ்க் கொப்புகளில் குழைகள். மேலே பச்சை, அதற்குக் கீழே மண்ணிறம், அதற்கும் கீழே வெறும் ஈர்க்கு மாதிரிக் காய்ந்தவை. வருசக்கணக்காக ஒன்றுக்கு மேல் ஒன்று. அடியில் மூன்று கல்லும் சாம்பலும், புதிதாகப் பொங்கிய அடையாளம்.

"எங்கள் ஊரிலும் இது உண்டு நங்கி," என்றார். "காட்டுக்குள் போக முதல் ஒரு குழை முறித்துத் தொங்கவிடுவோம், காவல் கேட்டு. பிறகு உள்ளே போவோம்." கையை நீட்டினார். "இங்கே குழை தொங்குகிறது. பாதை மட்டும் உள்ளே போகவில்லை, பார். மரத்தடியோடு திரும்பிவிடுகிறது. ஒரு ஆள் உள்ளே போன தடமும் இல்லை. ஏன்?"

நான் தோளில் கிடந்த பையின் வாரைச் சரிசெய்தேன்.

"அந்த அம்மா இந்த மரத்தைப் பற்றி ஏதாவது சொன்னாரா?"

"சாமி என்று சொன்னார் சேர். பிறகு ஒரு… ஒரு மாட்டைப் பற்றி."

"என்ன மாடு?"

கந்தையரின் சிவலைப் பசுவை அப்போதுதான் முதல்முறையாக இங்கிலிஷுக்குக் கொண்டுவந்தேன். மேயப் போனது, திரும்பவில்லை, ஐயன் எடுத்துவிட்டார், அதற்குப் பிறகு ஒருவரும் போவதில்லை. சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது, மாட்டை எடுத்தது ஐயன் இல்லை. சேர் இமைக்காமல் கேட்டார். நான் முடிக்க முதல் இன்னொரு சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. வயலுக்குள் உழவு மெசின்.

முன்பாதியை முடித்துவிட்டு, பற்றை வெட்டி எரித்திருந்த பின்பாதியை அது உழுதுகொண்டிருந்தது. போய்த் திரும்பி, போய்த் திரும்பி, ஒவ்வொரு தடவையும் ஒரு சால் மரத்துக்குக் கிட்ட. ஓட்டுகிறவர் காதில் வயர் மாட்டியிருந்தார், தலை பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

நான் வரம்பால் இறங்கி ஓட வெளிக்கிட்டேன். சேர் என் பையின் வாரைப் பிடித்து நிறுத்திவிட்டார். "கால் இல்லை," என்றார். "குரல் மட்டும்." அவர் குரல் உயரவே இல்லை. அந்த மனிதர் என் வாழ்க்கையில் எனக்குச் சொன்னவற்றில் மிகச் சுருக்கமானது அதுதான், அதை நான் மேலும் சுருக்கவில்லை.

ஜீப்பில் கை ஒலிபெருக்கி இருந்தது, பள்ளிக்கூடங்களில் வெடி பற்றி விளக்கம் சொல்லக் கொண்டுபோவது. எடுத்து அழுத்தினேன். பேசுகிற பொத்தானுக்குப் பதிலாகப் பாட்டுப் பொத்தானை அழுத்திவிட்டேன். ஊர் ஊராகப் பாண், பணிஸ் விற்று வருகிற பேக்கரி ஓட்டோ அடிக்குமே, அந்த மாதிரி ஒரு பாட்டு வயல் முழுக்க அடித்தது. மெசின்காரர் திரும்பிப் பார்த்தார். சந்தோசமாகக் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பணிஸ் வேண்டுமாம். பிறகு மறுபடி மரத்தை நோக்கித் திருப்பினார்.

சரியான பொத்தான் அகப்பட்டதும், "நிப்பாட்டுங்கோ அண்ணை!" என்று கத்தினேன். கேட்கவில்லை. "வெடி! வெடி!" தலை ஆடிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு நான் கத்தியதை இதில் எழுத முடியாது. வலை கடலடிப் பாரில் சிக்கினால் எங்கள் துறையில் ஆம்பிளைகள் சொல்லுகிற சொற்கள், ஒன்றுவிடாமல், அவருடைய தாயையும் தகப்பனையும் அவருடைய மெசினையும் சேர்த்து, ஒலிபெருக்கியில். வெடி என்ற சொல் போகாத காதுக்குள் அது போய்விட்டது. மெசின் நின்றது. அவர் வயரைப் பிடுங்கினார்.

"ஆரடி அது? என்னடி சொன்னனீ?"

"இறங்காதேங்கோ அண்ணை! அதிலயே இருங்கோ! இறங்கினால் செத்தீங்கள்!"

சேர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, நான் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பினேன். கலப்பையை மேலே தூக்கச் சொல்லு. திருப்பக் கூடாது. பின்னுக்கு எடுக்கச் சொல்லு, வந்த சில்லுத் தடத்தின் மேலேயே. மெதுவாக. இன்னும் மெதுவாக. அவர் வாயில் ஏசிக்கொண்டே கழுத்தைத் திருப்பியபடி பின்னுக்கு வந்தார். அவர் பாதையில் ஏறும் வரைக்கும் என் பையின் வாரைச் சேர் விடவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

இரண்டு நாளில் எங்கள் அணி வந்து அளந்து பார்த்தது. வெடி அகப்பட்டது. மெசின்காரர் இன்னும் இரண்டு சால் உழுதிருந்தால் போதும். அதற்கு மேல் இதில் எழுத ஒன்றும் இல்லை.

சத்தம் கேட்டுக் கமலம் அக்கா ஓடி வந்திருந்தார். சீலையை முழங்காலுக்கு மேல் செருகி, கை முழுக்க ஈர நெல். வயலில் சிவப்புத் தடி நடப்போகிறோம், பின்பாதி மட்டுமல்ல, முன்பாதியிலும் ஒரு பெரிய துண்டு இந்தப் போகம் விதைக்க முடியாது என்று சேர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"விதைநெல் ஊறப்போட்டு முளை வந்திட்டுது பிள்ளை," என்றார் மெதுவாக. "முளை வந்த நெல்லை நான் என்ன செய்யிறது?" பிறகுதான் அவருக்கு உறைத்தது. "நான் சொன்னனான்தானே! மாட்டைச் சொன்னனான், மரத்தைச் சொன்னனான். அதுக்குப் பிறகும் ஒண்டுமில்லை எண்டு கடிதம் தந்தனீங்கள். படிச்ச ஆக்கள், மெசின் வைச்சிருக்கிற ஆக்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும், ஐயனுக்கு ஒரு பொங்கலைப் பொங்கிப்போட்டு உழுவம் எண்டெல்லே நான்… எடி, நீ என்னத்தையடி சொன்னனீ அந்த ஐயாவுக்கு?"

"என்ன சொல்கிறார்?" என்றார் சேர்.

அதைச் சுருக்க எனக்கு நல்ல வசதி இருந்தது. ‘கோபமாக இருக்கிறார்’ என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம், அதில் பொய்யும் இல்லை. முழுவதையும் சொன்னேன். கடைசிக் கேள்வியையும் சொன்னேன். அதற்கான பதிலையும் நானே இரண்டு மொழியிலும் சொன்னேன்: ஒன்றும் சொல்லவில்லை, பசித்தது, விட்டுவிட்டேன்.

கமலம் அக்கா கையில் இருந்த நெல்லை என் காலடியில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கந்தோரில் அறிக்கையை என்னையே அடிக்க வைத்தார் சேர். ‘ஆய்வுக் குழு முக்கிய தகவலைப் பதிவுசெய்யத் தவறியது’ என்று சொல்லச் சொல்ல அடித்தேன். "குழு இல்லை சேர், நான்," என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்தைந்து நிமிசத்துக்கு ஒரு சொல் வந்தது. அது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. எனக்கும் பசித்தது. குழு என்றே அடி."

வேலை போகவில்லை. ஆனால் அதே கதிரையில், அதே முற்றத்தில், அந்த விசாரணையை முதலிலிருந்து மறுபடி செய்யவேண்டும் என்றார். அதற்கொரு நிபந்தனை: ‘அவ சொல்கிறா’ என்று நான் சொல்லக்கூடாது. கமலம் அக்கா ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். அவர் நிறுத்தும் இடத்தில் நானும் நிறுத்தவேண்டும். வெட்டுவது என் வேலை இல்லை, எது தேவை எது தேவையில்லை என்பது படிவத்துக்குச் சொந்தக்காரரின் தலைவலி. "கிளியர்?" என்றார். நான் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லாமல், அவர் சொன்ன நிபந்தனைகளை ஒன்றொன்றாகத் திருப்பிச் சொன்னேன். அன்றிலிருந்து வேலையில் இருந்த கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான் பதில் சொன்னேன். முல்லைத்தீவுப் பிள்ளைகளே, உங்களுக்கு நான் தரக்கூடிய இங்கிலிஷ் பாடம் இவ்வளவுதான். அந்தச் சொல் வானத்துக்கும் சூப்புக்கும் நெஞ்சுப் படத்துக்கும் நல்ல சொல். ஒரு மனுசி இருபத்தைந்து நிமிசம் கதைத்ததற்கு அதைப் பதிலாகப் போடாதேங்கோ.

இரண்டாம் தடவை கமலம் அக்கா பிளேன்ரீ தரவில்லை. கதிரை ஒன்றுதான் போட்டார், சேருக்கு. நான் சாணி மெழுகிய தரையில் இருந்தேன். அவர் வேண்டுமென்றே நீட்டினார். கசாயம், பெரியம்மா, கனடாச் சீலை, வெளிறிய விதம், எல்லாம். "நான் அந்தச் சீலையைத் துவைச்சது ஒரேயொருக்கா," என்று இங்கிலிஷில் ஒரு முன்னாள் ஆமிக்காரருக்கு நான் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். "நான் ஒரு விதவை, என்னை ஆரும் ஏமாத்தலாம் எண்டு நினைக்கினம். இந்தப் பெட்டையும் அப்பிடித்தான் நினைச்சவள்." அந்தப் பெட்டை அதையும் ‘நான்’ போட்டே சொன்னாள். சேர் எல்லாவற்றையும் தனித்தனி எழுத்தாக எழுதினார். படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் நிறைந்தது.

அந்தக் காலபோகம் முழுக்கக் கமலம் அக்கா அடுத்தவர் வயலில் புல்லுப் பிடுங்கப் போனார். முளைத்த நெல்லில் கொஞ்சத்தை அயலவர்கள் தங்கள் வயலில் தூவினார்கள், மிச்சத்தைக் கோழி தின்றது. நாங்கள் தினமும் அந்தப் பாதையால் ஜீப்பில் போவோம். அவர் நிமிர்ந்து பார்ப்பார், நான் கையைத் தூக்குவேன், அவர் குனிந்துகொள்வார்.

மழை முடிந்து, நிலம் காய்ந்து, எங்கள் பெண்கள் முழந்தாளில் ஒவ்வொரு சாணாகப் போய், மரம் வரைக்கும், மரத்துக்கு அங்காலேயும் முடித்தார்கள். நிலத்தைக் கையளிக்கிற அன்று ஒரு முறை உண்டு. சொந்தக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரு வரிசையாகக் கைகோத்து ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்து காட்டுவார்கள். கவசமும் இல்லை, தலைக்கவசமும் இல்லை. அதைப் பார்த்த பிறகு சொந்தக்காரர் கையெழுத்து வைப்பார். கிராம அலுவலர் வந்திருந்தார், ஊர்ச் சனம் வரம்பில் நின்றது, எங்கள் பெண்கள் வரிசைக்கு வந்தார்கள்.

"பொறுங்கோ," என்றார் கமலம் அக்கா. "அவையள் நடப்பினம். அவையளின்ர கையால செய்த வேலை, அவையளுக்குத் தெரியும். எனக்கு இவள் நடக்கவேணும். தனிய. ஒண்டுமில்லை எண்டு சொன்னது இவள்தானே."

மொழிபெயர்த்தேன். சேர் என்னைப் பார்த்தார். "மொழிபெயர்ப்பாளர் நடக்கவேண்டும் என்று விதி இல்லை நங்கி. முடியாது என்று சொல்லலாம், நான் எழுதிக்கொள்கிறேன்."

அதையும் தமிழில் சொன்னேன், கமலம் அக்காவுக்கு. அவர் பேனையைக் கிராம அலுவலரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

வரம்பால் இறங்கினேன். அந்த நிலத்தின் ஒவ்வொரு சாணையும் யார் பார்த்தார்கள், எந்த நாள் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும், எல்லாத் தாளையும் நான்தான் மொழிபெயர்த்தேன். காலுக்கு வாசிக்கத் தெரியாது. அது ஒவ்வொரு அடிக்கும் நின்று யோசித்தது. பத்து அடி போயிருப்பேன், கமலம் அக்காவின் குரல் வந்தது.

"வரம்போரமா என்னடி போறாய்? நடுவால போ!"

"என்ன சொல்கிறார்?" சேரின் குரல்.

நான் நின்ற இடத்தில் நின்று இங்கிலிஷில் கத்தினேன், வரம்போரமாக ஏன் போகிறாய், நடுவால் போ. நடுவுக்குப் போனேன்.

"அண்டைக்கு மெசின் நிண்ட இடத்தில கொஞ்சம் நில்லு! நிண்டு சுத்திப் பார்!"

கத்தினேன். நின்றேன். சுற்றிப் பார்த்தேன். காய்ந்த மண், எறும்பு, கொஞ்ச தூரத்தில் மரம். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உந்த மொட்டைத் தலையர் என்னத்துக்கு நிழலில நிக்கிறார்? அவரும்தானே கையெழுத்து வைச்சவர்! அவரையும் இறங்கச் சொல்லு!"

மொட்டைத் தலைக்கு இங்கிலிஷில் மரியாதையான சொற்கள் உண்டு, எனக்குத் தெரியும். அதில் ஒன்றையும் எடுக்காமல், உள்ளதை உள்ளபடி, எங்கள் அணிப் பெண்கள், கிராம அலுவலர், ஊர் எல்லாம் கேட்கக் கத்தினேன். அணித் தலைவி நிலத்தைப் பார்த்தாள். சாரதி அண்ணை ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டார்.

பண்டார சேர் தொப்பியைக் கழற்றி ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தார். வரம்பால் இறங்கி, நடுவால், ஒவ்வொரு எழுத்தும் எழுதுகிற அதே நிதானத்தில் நடந்து வந்தார். நான் நின்ற இடத்துக்கு வந்து, அவரும் நின்று, சுற்றிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் மரம் வரைக்கும் போனோம். மரத்தடியில் அவர் ஒரு குழையை முறித்துக் கொப்பில் தொங்கவிட்டார். அந்த மரத்துக்கு அங்காலேயும் பத்து அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

கமலம் அக்கா பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். கடதாசியை மடித்து மார்போடு செருகிக்கொண்டு, என்னைப் பக்கத்தில் இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நான் சொன்னதெல்லாத்தையும் அந்த ஐயாவுக்குச் சொன்னனீயோ?"

"ஓம் அக்கா. எல்லாத்தையும்."

"அந்த… தலையையுமோ?"

"ஓம். அதையும்தான்."

அவர் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, சேர் நின்ற பக்கம் ஒருக்கால் பார்த்துவிட்டு, என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

"எடி விசரி! அதை விட்டிட்டுச் சொல்லியிருக்கலாமே!"